கூச்சம் என்று சொல்லி விட்டுவிடாதே

அன்புள்ள மருமகனுக்கு,

அத்தை எழுதுகிறேன். வேடசந்தூர்ப் பக்கத்துப் பள்ளியில் பத்தாம் வகுப்புவரை மேடையேறிப் பேசியவன் நீ. திண்டுக்கல்லில் பதினொன்றாம் வகுப்பு சேர்ந்தபின், வருகைப் பதிவுக்கு ‘உள்ளேன் ஐயா’ சொல்லக்கூட நெஞ்சு படபடக்கிறது என்றாய். மற்றவர்கள் எதிரில் டிபன் பாக்ஸைத் திறக்க முடியாமல் பட்டினியாக வீடு திரும்புகிறாயாம். ‘கூச்ச சுபாவம், வயசானால் சரியாயிரும்’ என்கிறார் உன் அப்பா. அண்ணன் சொல்லை நான் தட்டியதில்லை. இதில் மட்டும் தட்டுகிறேன்.

கூச்சப்படும் பிள்ளை புது ஆட்களிடம் தயங்கும், பழகியபின் கலகலப்பாகிவிடும். எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள், வாயைத் திறந்தால் சிரிப்பார்கள் என்ற பயம் மாதக்கணக்கில் நீடித்து, சாப்பாட்டையும் படிப்பையும் கெடுத்தால் அது நோய். மருத்துவர்கள் அதைச் சமூகப் பதற்றம் என்கிறார்கள். பெரும்பாலும் உன் வயதில்தான் தொடங்கும். பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2015-16-இல் நடத்திய தேசிய மனநல ஆய்வில், 13 முதல் 17 வயதுள்ளவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு ஏதாவது ஒரு மனநலப் பிரச்சினை இருந்தது. ஐம்பது பேர் உள்ள வகுப்பென்றால் மூன்று நான்கு பேர். நீ மட்டும் இல்லை.

பயந்த இடத்தைத் தவிர்த்தால் அப்போதைக்கு நிம்மதி. ஆனால், ஒதுங்கியதால்தான் தப்பித்தோம் என்று மனம் நம்பிவிடும். அடுத்த முறை பயம் இன்னும் கூடும். இப்படியே ஒதுங்கினால் சிநேகிதம் விட்டுப்போகும், விளையாட்டு நின்றுபோகும், மனச்சோர்வு வந்து சேரும். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லை, தூக்கமில்லை, நான் எதற்கும் லாயக்கில்லை என்று தோன்றினால் நாள் கடத்தக் கூடாது.

அதனால் சின்னதாகத் தொடங்கு. நாகல் நகரில் ஒரு கடையில் ஏறி நோட்டு விலை கேள். பஸ் நிலையத்தில் நடத்துனரிடம் ‘வேடசந்தூர் போகுமாண்ணே?’ என்று வாய்விட்டுக் கேள். அது பழகியபின் ஒரே ஒரு நண்பனோடு உட்கார்ந்து சாப்பிடு. பிறகு வகுப்பில் ஒரு சந்தேகம் கேள். கை நடுங்கும், வியர்க்கும். ஓடாமல் நின்றால் சற்று நேரத்தில் தணியும். பயம் போனபின் செய்யலாம் என்று காத்திருக்காதே. செய்யச் செய்யத்தான் பயம் குறையும். மனநல ஆலோசகர்கள் தரும் பயிற்சியும் இந்த வழியில்தான் போகிறது. மாத்திரை தேவையா என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

உன் அம்மா கயிறு மந்திரித்துக் கட்டச் சொல்கிறாள். கட்டிக்கொள், நானும் சாமி கும்பிடுகிறவள்தான். ஆனால் திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கும் போயாக வேண்டும். மனநலச் சிகிச்சை பெறுவது உன் உரிமை என்கிறது 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். உன் விவரங்களை ரகசியமாக வைக்கவும் சொல்கிறது. உனக்குப் பதினெட்டு ஆகாததால் அப்பாவோ அம்மாவோ உடன் வரவேண்டும். அண்ணனிடம் நான் பேசுகிறேன்.

நேரில் பேச நா எழாவிட்டால் 14416-க்குப் போன் செய். 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் டெலி மானஸ் சேவை அது. இரவு பகல் எந்நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். முகம் காட்ட வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் எனக்கு வாக்குக் கொடு. வாழ்ந்து என்ன பயன் என்ற நினைப்பு ஒருமுறை வந்தாலும், நள்ளிரவானாலும், தனியாக இருக்காதே. வீட்டில் யாரையாவது எழுப்பு, அல்லது என்னைக் கூப்பிடு. யாரும் உன்னைத் திட்ட விடமாட்டேன்.

உன்மேல் ஒரு குற்றமும் இல்லை, மருமகனே. இது குணமாகக் கூடிய நோய். திங்கட்கிழமை காலையில் வருகிறேன். கிளம்பி இரு, அப்பாவையோ அம்மாவையோ கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவோம்.

அன்புடன்,
அத்தை