தடையற்ற மின்னோட்டம்: பிசுமது காட்டிய வழி

அக்கரைப்பற்றில் மாலையில் மின்குமிழைப் போடும்போது, அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அதில் ஒரு பங்கு மேற்குக் கரையிலுள்ள நுரைச்சோலையில் பிறந்து, நாட்டைக் குறுக்கே கடந்து கிழக்குக் கரைக்கு வந்திருக்கலாம். வரும் வழியெல்லாம் கம்பிக்குள் ஓடும் இலத்திரன்களுக்கு உலோகம் தடையாக நிற்கிறது. அதனால் சக்தியின் ஒரு பகுதி வெப்பமாகிக் காற்றில் கலந்துவிடுகிறது. அலுமினியமாயினும் செம்பாயினும் இந்த இழப்பு உண்டு. தடையே இல்லாத கம்பி ஒன்று கிடைத்தால் எப்படி இருக்கும்?

1911இல் ஒல்லாந்தின் லெய்டன் நகரில் கமர்லிங் ஒனஸ் என்னும் அறிஞர் இரசத்தைத் திரவ ஈலியத்தால் குளிர்வித்தார். 4.2 கெல்வினில், அதாவது ஏறத்தாழ –269 பாகை செல்சியஸில், இரசத்தின் மின்தடை திடீரென மறைந்தது. இவ்வாறு தடையை முற்றாக இழக்கும் பொருள்களை மீகடத்திகள் என்கிறோம்.

ஆனால் ஈலியம் அரியது, விலை கூடியது. நைதரசனோ நாம் சுவாசிக்கும் காற்றில் 78 சதவீதம் இருக்கிறது. அது 77 கெல்வினில் திரவமாகிறது. 77 கெல்வினுக்கு மேலும் மீகடத்தும் பொருள் கிடைத்தால் செலவு பெரிதும் குறையும். எனவே இந்த எண்ணே ஆய்வாளரின் இலக்கானது.

வழி திறந்தது எதிர்பாராத இடத்தில். மின்கம்பத்தில் கம்பியைத் தாங்கும் வெள்ளைப் பீங்கானைப் பார்த்திருப்பீர்கள். மின்சாரம் கம்பத்துக்குள் பாயாமல் தடுக்கவே அதை வைக்கிறார்கள். அத்தகைய பீங்கான் இனத்தைச் சேர்ந்த செம்பு ஒட்சைட்டு ஒன்று மீகடத்துவதை 1986இல் பெட்னோர்ஸ், முல்லர் இருவரும் கண்டனர். அடுத்த ஆண்டே அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1987இல் இத்திரியம் கலந்த சேர்வை 93 கெல்வினை எட்டியது. 1988இல் ஜப்பானில் ஹிரோஷி மயேடாவும் குழுவினரும், அருமண் மூலகம் எதுவும் சேர்க்காமல், பிசுமதுவைக் கொண்டு 100 கெல்வினையும் கடந்தனர்.

இந்தப் பிசுமதுச் சேர்வைகளின் பெயர்கள் எண்களாலானவை: 2201, 2212, 2223. பிசுமது, ஸ்திரொந்தியம், கல்சியம், செம்பு ஆகியவற்றின் அணுக்களை அந்த ஒழுங்கிலேயே எண்ணி வைத்த பெயர்கள் இவை. கடைசி இலக்கம், மின்னோட்டத்தைச் சுமக்கும் செம்பு–ஒட்சிசன் தட்டுகள் ஒரு தொகுதியில் எத்தனை என்பதைச் சொல்கிறது. ஒரு தட்டுள்ளது 20 கெல்வின் அளவிலும் அதற்குக் கீழும் மீகடத்தும். இரண்டு தட்டுள்ளது ஏறத்தாழ 85 கெல்வின் வரையும், மூன்று தட்டுள்ளது ஏறத்தாழ 110 கெல்வின் வரையும் மீகடத்தும்.

நான்கு தட்டு வைத்தால் இன்னும் உயருமா? இதே இனத்து இரசச் சேர்வைகளில் செய்து பார்த்தார்கள். மூன்றுக்குப் பின் வெப்பநிலை இறங்கியது. உள்ளே இருக்கும் தட்டுகளுக்கு மின்னேற்றம் போதியளவு சென்று சேராததே இதற்குக் கூறப்படும் முக்கிய காரணம்.

இனிக் கம்பிக்கு வருவோம். பீங்கானை வளைத்தால் உடையும். அதிலிருந்து எப்படிக் கம்பி இழுப்பது? இங்கேதான் பிசுமதுவின் ஒரு பலவீனம் கைகொடுத்தது. இப்பளிங்கில் அடுத்தடுத்து வரும் இரு பிசுமது–ஒட்சிசன் தட்டுகளுக்கிடையிலான பிணைப்பு மிகவும் தளர்வானது. பராட்டா அடுக்கடுக்காகப் பிரிவதுபோல அது மெல்லிய தகடுகளாகப் பிரியும். தூளாக்கிய சேர்வையை வெள்ளிக் குழாயில் நிரப்பி, இழுத்து, உருளைகளுக்கிடையே தட்டையாக அழுத்தும்போது, அத்தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து ஒரே திசையில் அமைகின்றன. பின்னர் ஏறத்தாழ 850 பாகை செல்சியஸில் சுடுவார்கள். வெள்ளி சேர்வையோடு தாக்கம் புரியாது; சூட்டில் ஒட்சிசனையும் ஊடுருவ விடும். இத்திரியச் சேர்வைக்கு இந்த எளிய வழி பயன்படவில்லை.

இத்தகைய பிசுமது நாடாக்களாலான, ஏறத்தாழ 1 கிலோமீற்றர் நீளமான மின்வடம் 2014இல் ஜேர்மனியின் எஸ்ஸென் நகரில் நிலத்தடியில் இயங்கத் தொடங்கியது. திரவ நைதரசன் அதைக் குளிர்வித்தது. 10,000 வோல்ற்றில் 40 மெகாவாற்றைக் கொண்டு செல்ல அது வடிவமைக்கப்பட்டது. எனினும் குளிர்விக்கவும் மின்சாரம் வேண்டும். வெள்ளியும் விலை கூடியது. நமது ஊர்க் கம்பங்களுக்கு இது வராமைக்கு இவையும் காரணங்கள்.

இவ்வளவுக்குப் பின்னும் அடிப்படைக் கேள்வி ஒன்று எஞ்சி நிற்கிறது. மீகடத்தியில் இலத்திரன்கள் சோடி சேர்ந்து ஓடுகின்றன. சாதாரண உலோகங்களில் அவற்றைச் சோடி சேர்ப்பது அணுக்களின் அதிர்வு என்பது 1957இல் விளக்கப்பட்டது. செம்பு ஒட்சைட்டுகளில் சேர்ப்பது எது? தமிழ்நாட்டைச் சேர்ந்த பௌதிகவியலாளர் ஜி. பாஸ்கரன், 1987இல் பிலிப் அண்டர்சனுடன் இணைந்து இதற்கொரு கோட்பாட்டை முன்வைத்தார். உலகெங்கும் பேசப்பட்ட கோட்பாடு அது. ஆயினும் எல்லோரும் ஏற்கும் விடை இன்றுவரை இல்லை.

மாணவிகளே, உங்கள் பாடநூல்களில் பெரும்பாலான கேள்விகளுக்கு விடை பின்பக்கத்தில் இருக்கிறது. இக்கேள்விக்கு எந்த நூலின் பின்பக்கத்திலும் விடை இல்லை. பெற்றோர்களே, பௌதிகவியல் படிக்க விரும்பும் மகளிடம் "அதைப் படித்து என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்குமுன், இன்னும் எழுதப்படாத அந்தப் பக்கத்தையும் சற்று நினைத்துப் பாருங்கள்.