வேற்று நாட்டில் மொழி பயிலல்

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பகுதிகள் வானம் பார்த்த பூமியாகும். அங்குள்ள குமாரலிங்கபுரம் முதலிய சிற்றூர்களிற் பிறந்த மாணவன் பள்ளியில் ஆங்கிலத்தைப் பல ஆண்டுகள் படிக்கின்றான். ஆயினும், அம்மொழியைப் பிறர் பேசக் கேட்கும் வாய்ப்பு அவனுக்கு அரிது. பாடநூலைக் கண்ணாற் கற்கின்றான். விடைகளைக் கையால் எழுதுகின்றான். செவிக்கும் நாவுக்கும் வேலை இல்லை. தேர்வில் தொண்ணூறு மதிப்பெண் பெற்றவனும், ஆங்கிலத்தில் ஒருவர் வழி வினவினால், விடை கூற இயலாமல் விழிப்பதுண்டு. இஃது அறிவின் குறை அன்று. கரையில் நின்றவாறே நீச்சல் பழகியவன் கண்மாயில் இறங்கியதும் படும் பாடே அது.

இக்காலத்தில் ஆங்கிலம் பயில்வதற்கென்றே வெளிநாடு செல்வோர் உளர். இங்கிலாந்து, அயர்லாந்து, மால்ட்டா முதலிய நாடுகளில் அதற்கெனத் தனிப் பள்ளிகள் இருக்கின்றன. சேர்ந்த முதல் நாளன்றே மாணவனுக்கு ஒரு தேர்வு வைத்து, அவனது நிலையை ஆராய்ந்து, அதற்கேற்ற வகுப்பில் அமர்த்துவர். பிரேசில் நாட்டவன் ஒருபுறமும் ஜப்பானியன் மறுபுறமும் அமர்ந்திருப்பர். அவர்கள் மொழி இவனுக்குத் தெரியாது. இவன் மொழி அவர்களுக்குத் தெரியாது. ஒருவரோடொருவர் உரையாட ஆங்கிலத்தையன்றி வேறு வழி இல்லை. மொழி கற்பவனுக்கு இதனினும் நல்ல இடம் வாய்ப்பது கடினம்.

எனினும், அவ்வாறு சென்றவர் அனைவரும் கற்றுத் திரும்புவதில்லை. வாரத்திற்கு 15 மணி நேரம் நடைபெறும் வகுப்பு ஒன்றை எடுத்துக்கொள்க. ஒரு வாரத்திற்கு 168 மணி நேரம். நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் உறக்கத்திற் கழிய, எஞ்சுவது 112. அதனுள் வகுப்பிற்குரிய 15 நீங்கினால் 97 மணி நேரம் மீதமாகும். ஆசிரியர் கற்பிப்பது 15 மணி நேரமே. 97 மணி நேரம் மாணவன் கையில் இருக்கின்றது. வறண்ட நிலத்துக் குடும்பம் ஒன்று பருத்தி விற்ற பணத்தையும் ஈடு வைத்த நகையையும் ஒன்று சேர்த்துக் கட்டணம் செலுத்தியிருக்குமாயின், அந்தப் பணம் பயன்படுவதும் பாழாவதும் பெரும்பாலும் அந்த 97 மணி நேரத்தைப் பொறுத்ததே.

அந்நேரத்தை எவ்வாறு பயன்படுத்துவது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. அங்கே மாணவர் ஐரோப்பியர். கற்ற மொழி தமிழ். கடல் கடந்து சென்று அந்நாட்டு மொழியைக் கற்பவன் அவரிடம் அறிந்துகொள்ள வேண்டியவை பல.

ஜெர்மனி நாட்டினரான சீகன்பால்கு என்னும் இளைஞர், டென்மார்க்கு மன்னர் அனுப்பிய சமயத் தொண்டராக 1706-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அவ்வூர் அப்பொழுது டேனியர் ஆட்சியில் இருந்தது. துறைமுகத்தாரிடையே போர்ச்சுக்கீசிய மொழி ஓரளவு வழங்கியது. அதனைக் கற்றுக்கொண்டு காலம் தள்ளியிருக்கலாம். உடன் வந்த புளுட்சௌ என்பார் போர்ச்சுக்கீசியத்திற் கருத்தூன்ற, சீகன்பால்கு தமிழையே தமக்குரியதாகக் கொண்டார். திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரை, மாணவர்களுடன் தம் இல்லத்திற்கே வந்து பாடம் நடத்துமாறு வேண்டினார். சிறுவர் நடுவே தாமும் தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதி எழுத்துகளைப் பழகினார். கல்லூரியிற் பயின்ற ஒருவர் ஐந்து வயதுக் குழந்தைகளோடு 'அ', 'ஆ' எழுதுவதற்கு உள்ளத்தில் ஒரு துணிவு வேண்டும். அத்துணிவு இல்லாதவரே மொழி கற்பதில் பின்தங்குகின்றனர்.

ஆசிரியர் எழுத்தைக் கற்பித்தாரே அன்றி, அவரால் பொருளை விளக்க இயலவில்லை. ஆகவே, ஐரோப்பிய மொழிகள் சிலவற்றை அறிந்த அழகப்பன் என்பவரைச் சீகன்பால்கு துணையாகக் கொண்டார். பின்னர்த் தமக்கென ஒரு நாள்முறை வகுத்துக்கொண்டார். காலை ஏழு மணி முதல் எட்டு மணி வரை, முன்பு குறித்து வைத்த சொற்களையும் தொடர்களையும் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்ப்பார். எட்டு மணி முதல் நண்பகல் வரை, தாம் அதுவரை படித்திராத தமிழ் நூல்களை மட்டுமே படிப்பார். முதிய புலவர் ஒருவரும் எழுத்தர் ஒருவரும் உடன் இருப்பர். புலவர் பொருள் உரைப்பார். புதிய சொல் வந்தால் எழுத்தர் அதனைக் குறித்துக்கொள்வார். உணவு உண்ணும்பொழுதும் ஒருவர் அருகிலிருந்து தமிழ் நூலைப் படிக்க, இவர் கேட்டுக்கொண்டிருப்பார். மாலை மூன்று மணி முதல் ஐந்து மணி வரை மீண்டும் படிப்பு. இரவு ஏழு மணிக்குமேல், கண் களைத்துவிடாதபடி, பிறரைப் படிக்கச் செய்து செவியாற் கற்பார். எவருடைய நடையைத் தம் பேச்சிலும் எழுத்திலும் பின்பற்ற இயலுமோ, அவருடைய நூல்களையே விரும்பிப் படித்தார். தரங்கம்பாடிக்கு வந்த இரண்டே ஆண்டுகளில், நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளின் பட்டியல் ஒன்றை அவர் தொகுத்தார். 1716-இல் அவர் எழுதிய தமிழ் இலக்கணம் ஜெர்மனியில் ஹாலே நகரில் அச்சாயிற்று.

இந்நாள்முறையிற் காணத்தக்கது யாது? காலையில் முதல் வேலை பழைய சொற்களை மீட்டல். அதன் பின்னரே புதியது. இக்கால மாணவர் பலர் நாள்தோறும் புதிய சொற்களைத் தேடுகின்றனர். நேற்றுக் கற்றதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. கரிசல் நிலத்து உழவன் மழை பெய்த ஈரம் காயுமுன் விதைத்துவிடுகின்றான். கடையிலோ பேருந்திலோ காதில் விழுந்த சொல்லும் அத்தகையதே. அன்றிரவே குறிப்பேட்டில் ஏறாத சொல் மறுநாள் நினைவில் இராது.

குறிப்பேட்டில் எழுதுவதிலும் ஒரு முறை உண்டு. சொல்லையும் அதற்கு நேரான தமிழ்ப் பொருளையும் மட்டும் எழுதினாற் போதாது. 'மேக்', 'டூ' என்னும் இரண்டு ஆங்கிலச் சொற்களுக்கும் தமிழில் 'செய்' என்றே பொருள் எழுதுவர். ஆனால், தவறு செய்தலைக் கூறுமிடத்து 'மேக்' வரும். வீட்டுப்பாடம் செய்தலைக் கூறுமிடத்து 'டூ' வரும். மாற்றிச் சொன்னால் கேட்போர் நகைப்பர். ஆதலின், சொல் வந்த வாக்கியம் முழுவதையும் எழுதி வைத்தல் வேண்டும். யார் யாரிடம் கூறியது என்பதையும் குறித்தல் நன்று. நண்பனிடம் கூறத்தக்க தொடர் ஆசிரியரிடம் கூறத்தகாததாய் இருக்கலாம்.

ஒலியைப் பற்றியும் தமிழ் மாணவன் தனியே கருத வேண்டும். 'பகை' என்பதில் உள்ள பகரமும் 'நம்பி' என்பதில் உள்ள பகரமும் ஒலியில் வேறு. ஆயினும் எழுத்து ஒன்றே. தமிழில் இதனாற் பொருள் மயக்கம் நேராது. ஆங்கிலத்திலோ, பன்றியைக் குறிக்கும் 'பிக்' என்னும் சொல்லும் பெரியது என்று பொருள்படும் 'பிக்' என்னும் சொல்லும் முதல் ஒலியால் மட்டுமே வேறுபடுகின்றன. தமிழெழுத்தில் எழுதினால் வேறுபாடு மறைந்துபோவதை இவ்வரியிலேயே காணலாம். ஆங்கிலச் சொற்களைத் தமிழெழுத்தில் எழுதிப் பழகுவோன் தன் செவியைத் தானே அடைத்துக்கொள்கின்றான். வகரமும் அப்படியே. மேற்பல்லும் கீழிதழும் பொருந்த வகரம் பிறக்கும் என்பதைத் தொல்காப்பியம் பிறப்பியலில் உரைக்கின்றது. ஆங்கிலத்தில் அவ்வாறு பிறக்கும் ஒலி ஒன்று. பல் படாமல் இதழ்களைக் குவித்துப் பிறப்பிக்கும் ஒலி மற்றொன்று. நாவும் பல்லும் இதழும் எவ்விடத்தில் தொழிற்படுகின்றன என்று ஆராயும் வழக்கம் தமிழ் இலக்கணத்திற்குப் புதிதன்று. அவ்வழக்கத்தையே கண்ணாடியின் முன் நின்று ஆங்கிலத்திற்கும் பயன்படுத்தலாம்.

இனி, வெளிநாட்டில் மாணவனை மிகுதியும் தடுப்பது எது என்று பார்த்தால், சோம்பல் அன்று, கூச்சமே. கூச்சமுற்றவன் தன் மொழி பேசுவோரை நாடுகின்றான். ஒரே வீட்டில் தமிழர் நால்வர் குடியிருந்து, சோறும் ரசமும் சமைத்து, ஊர்க்கதை பேசி மகிழ்கின்றனர். தனிமையில் வாடும் பிள்ளைகளுக்கு அஃது ஆறுதலே. அதனைக் குறை கூறுதல் அறமன்று. ஆயினும், 97 மணி நேரமும் அவ்வாறே கழியுமாயின், குமாரலிங்கபுரத்தில் இருந்தவாறே கற்றிருக்கக்கூடியதற்கு மேல் ஒன்றும் கற்றிட முடியாது. வீட்டில் ஒரு பிறநாட்டவன் உடன் உறைவானாயின் இக்குறை பெரிதும் தீரும்.

காந்தியடிகளும் இக்கூச்சத்திற்கு ஆளானவரே. 1888-ஆம் ஆண்டு செப்டம்பர் 4-ஆம் நாள் அவர் பம்பாயிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். உடன் பயணம் செய்தவருள் மஜ்முதார் என்னும் வழக்கறிஞர் ஒருவர் நீங்கலாக, ஏனையோர் ஆங்கிலேயர். அவர்கள் பேசுவது காந்தியடிகளுக்கு எளிதில் விளங்கவில்லை. விளங்கிய பொழுதும் விடை கூற வரவில்லை. ஒவ்வொரு வாக்கியத்தையும் மனத்திற்குள் அமைத்த பின்னரே வெளியே கூற வேண்டியிருந்தது. உணவுக்கூடத்திற்குச் செல்ல நாணித் தம் அறையிலேயே உண்டார். மஜ்முதாரோ எல்லாருடனும் தாராளமாகப் பழகினார். கிடைக்கும் வாய்ப்பிலெல்லாம் ஆங்கிலம் பேசுமாறும், அயல்மொழியில் பிழை நேர்தல் இயல்பாதலின் அதற்கு அஞ்சவேண்டா என்றும் அவர் காந்தியடிகளுக்கு அறிவுரை கூறினார். அறிவுரை நல்லதே, கூச்சம் உடனே அகலவில்லை.

இலண்டனில் அவர் செய்திதாள் படிக்கத் தொடங்கினார். இந்தியாவில் இருந்தவரை அவருக்கு அவ்வழக்கம் இருந்ததில்லை. நாள்தோறும் ஒரு மணி நேரத்திற்குள் மூன்று தாள்களைப் பார்த்துவிடுவார். ஆங்கிலக் கனவானைப் போல் ஆக விரும்பி, நாவன்மைப் பயிற்சிக்கும் நடனப் பயிற்சிக்கும் சில காலம் பணம் செலவிட்டார். பின்னர், தாம் வந்தது படிப்பதற்கே என்று உணர்ந்து அவற்றைக் கைவிட்டார். செய்திதாள் படிக்கும் வழக்கத்தைக் கைவிடவில்லை. 1891-இல் புலால் மறுப்போர் இதழ் ஒன்றில் அவர் எழுதிய ஆங்கிலக் கட்டுரைகள் வெளிவந்தன. அவ்வாண்டிலேயே, விடைபெறும் விருந்தில் பேச எழுந்தவர், முதல் வாக்கியத்திற்கு மேல் பேச்சு வராமல், நன்றி கூறி அமர்ந்துவிட்டார். கைக்கு வந்த மொழி நாவுக்கு வரப் பின்னும் சில காலம் வேண்டியிருந்தது.

1893-இல் தென்னாப்பிரிக்காவிலுள்ள பிரிட்டோரியா நகரில் அவரே ஆங்கில ஆசிரியரானார். அங்கு வாழ்ந்த இந்தியருட் பலர் ஆங்கிலம் அறியாதிருந்தனர். வயது முதிர்ந்தோரும் கற்கலாம் என்று கூறி, விரும்புவோருக்குத் தாமே கற்பிக்க முன்வந்தார். மூவர் இசைந்தனர். ஒருவர் முடிதிருத்துபவர், ஒருவர் எழுத்தர், மற்றொருவர் சிறு கடைக்காரர். தொழிலை விட்டு வர அவர்களுக்கு ஓய்வில்லை. ஆதலின், காந்தியடிகளே அவர்கள் இருக்குமிடம் சென்றார். சில நாள் அவர்கள் வேலையில் ஈடுபட்டிருப்பர், அவர் பொறுமையிழக்கவில்லை. ஏறத்தாழ எட்டு மாதங்களில் இருவர் கணக்கு எழுதவும் வாணிகக் கடிதம் வரையவும் கற்றுக்கொண்டனர். முடிதிருத்துபவருக்கோ, தம்மிடம் வருவோருடன் பேசும் அளவு ஆங்கிலமே வேண்டியிருந்தது. அதற்கு மேல் அவர் விரும்பவில்லை.