பரீட்சைக் காலத்தில் பாடம் கேட்பது

ஒரு நாள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் தோழர்களிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். இலை உதிராத மரம் ஒன்று உண்டு, அது முஸ்லிமுக்கு உவமையாகும், அது எந்த மரம் என்பது கேள்வி. சபையிலிருந்தவர்கள் பாலைவனத்து மரங்களையெல்லாம் எண்ணிப் பார்த்தார்கள். அச்சமயம் அங்கே பேரீச்சங் குருத்து கொண்டு வரப்பட்டிருந்தது. அதைக் கண்ட இப்னு உமர் (ரலி) அவர்களுக்கு விடை பேரீச்ச மரம்தான் என்று மனத்தில் பட்டது. ஆனால் பெரியவர்கள் பேசாதிருக்க, எல்லோரிலும் வயதில் இளையவரான தாம் முந்திக் கொள்வதா என்று வெட்கி, வாய் திறவாது இருந்து விட்டார்கள். இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் இந்த ஹதீஸைக் கல்வி பற்றிய பாகத்தில் சேர்த்து, அறிவைச் சோதித்தறியக் கேள்வி கேட்பது என்ற பொருளில் அதற்குத் தலைப்பும் இட்டிருக்கிறார்கள்.

கேட்பதும் கற்பிப்பதில் ஒரு பகுதி என்பது இதிலிருந்து விளங்குகிறது. நம் வீடுகளிலோ, பரீட்சை வந்து விட்டால் “புத்தகத்தை எடுத்துப் படி” என்ற ஒரே பேச்சுத்தான். படித்தது நின்றிருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை.

இதை நாம் பட்டுத் தெரிந்து கொண்டோம். சோழவந்தானிலிருந்து ரயிலேறி மதுரைக்குச் சென்று படித்த நாட்களில், இரண்டாம் ஆண்டுப் பொருளாதாரத் தாளுக்காகப் பாடநூலை ஐந்து முறை வாசித்தோம். சிவப்பு மையினால் கோடிடாத பக்கமே இல்லை. கேள்வித்தாளைக் கையில் வாங்கியதும் எல்லாம் தெரிந்தவையாகவே தோன்றின. எழுதத் தொடங்கினால் இரண்டு வரிக்கு மேல் பேனா நகரவில்லை. தோற்றோம். அத்தா ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. மறுபடி எழுதுவதற்குக் கட்ட வேண்டிய பணத்தை வெற்றிலைக் கமிஷன் கடையில் முன்பணமாகக் கேட்டு வாங்கி வந்தார்கள். அதுதான் இன்றும் மறக்க முடியாதது.

அந்த வருடம் தம்பி ஹிஃப்ளு மத்ரஸாவில் ஓதிக் கொண்டிருந்தான். அவனுடைய உஸ்தாத் முஸ்ஹஃபைத் தம் கையில் வைத்துக் கொள்வார். பையன் பாராமல் ஓதிக் காட்ட வேண்டும். தடுக்கி நின்றால் உடனே எடுத்துக் கொடுத்து விட மாட்டார். சற்று நேரம் விட்டு, அவனாகவே தேடி எடுக்கிறானா என்று பார்ப்பார். புதிய பாடம் ஒருபுறம், சென்ற சில நாட்களின் பாடம் ஒருபுறம், பழைய ஜுஸ்உகள் ஒருபுறம் என்று தினமும் மூன்றும் நடக்கும். நாம் ஐந்து முறை வாசித்த நூல் நில்லாமல் போனதும், அவன் ஓதியது நின்றதும் ஏன் என்று அப்போதுதான் யோசித்தோம்.

மறு பரீட்சைக்கு அம்மாவையே உஸ்தாதாக்கிக் கொண்டோம். அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. தலைப்பையும், அதன் கீழே எத்தனை காரணங்கள் என்பதையும் தமிழில் எழுதிக் கொடுத்து விடுவோம். வெற்றிலையைக் கவுளி கட்டிக் கொண்டே அம்மா கேட்பார்கள். நாம் சொல்லச் சொல்ல விரல் மடக்குவார்கள். “ஆறுன்னு எழுதிருக்கே, அஞ்சுதானே வந்துச்சு? இன்னொண்ணு எங்கத்தா?” என்பார்கள். விட்டுப்போன அந்த ஆறாவது, அதன்பின் ஒரு நாளும் மறந்ததில்லை. தேறி விட்டோம், அல்ஹம்துலில்லாஹ்.

அமெரிக்காவிலுள்ள ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு ஆய்வாளர்கள் 2006ல் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். மாணவர்களில் ஒரு பிரிவினர் ஒரு பாடத்தை நான்கு வேளை படித்தார்கள். வேறொரு பிரிவினர் ஒரு வேளை படித்து விட்டு, மூன்று முறை பாராமல் எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்தோ, அவர்களுக்கு நூற்றுக்கு 40 பங்கும் மற்றவர்களுக்கு 61 பங்கும் நினைவிலிருந்தன. திரும்பத் திரும்பப் படித்தவர்களுக்குத்தான் தம் நினைவின் மீது அதிக நம்பிக்கை இருந்ததாம்! நாமும் அப்படித்தானே ஏமாந்தோம்.

ஆகவே, பழைய கேள்வித்தாள்களை முதலிலேயே சேகரித்து விடுங்கள். பாடத்தின் ஒவ்வொரு தலைப்பையும் கேள்வியாக மாற்றி எழுதி வையுங்கள். இன்று கேட்டதை மூன்று நாள் விட்டும், பிறகு ஒரு வாரம் விட்டும் கேளுங்கள். கடிகாரத்தை முன்னால் வைத்து மூன்று மணி நேரம் உட்கார்ந்து முழுத் தாளையும் ஒரு தடவையாவது எழுதிப் பார்ப்பது அவசியம். விடை தெரிந்தும் நேரம் போதாமல் தோற்றவர்கள் எத்தனையோ பேர்.

தொழுகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பரீட்சை பிற்பகல் 2 மணியிலிருந்து 5 மணி வரை என்றால், லுஹரை முடித்துக் கொண்டே உள்ளே செல்ல வேண்டும். நவம்பரில் ஆறு மணிக்கு முன்பே மஃரிப் வந்து விடுவதால், அஸரைத் தொழுத பின்னரே ஊருக்குப் பஸ் ஏற வேண்டும். வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு முடியும் பரீட்சையாயின், கல்லூரிக்குப் பக்கத்தில் எந்தப் பள்ளியில் ஜும்ஆ தாமதமாக நடக்கிறது என்று முன்கூட்டியே விசாரித்து வைக்கலாம்.

1990லும் 2023லும் ரமலான் மார்ச் இறுதியில் பிறந்து ஏப்ரல் மாதப் பரீட்சைகளோடு சேர்ந்து கொண்டது. பிறை ஆண்டு பதினோரு நாட்கள் போல் குறைவதால், ஏறத்தாழ 33 வருடத்தில் இப்படிச் சுற்றி வருகிறது. 2030களின் நடுவில் நவம்பர்ப் பரீட்சையோடு சேரும். நோன்பைப் பிற்படுத்துவதற்குத் திருமறை கூறும் காரணங்கள் நோயும் பயணமும். பரீட்சை அதில் இல்லை. படிக்கும் நேரத்தைத்தான் மாற்றிக் கொள்ள வேண்டும். ஸஹருக்குப் பின் ஸுப்ஹு தொழுது விட்டு அமரும் இரண்டு மணி நேரம், பசித்த மாலையின் நான்கு மணி நேரத்திற்குச் சமம்.

ஆனால் அந்த மாலை நேரத்தில் நம் வீடுகளில் நடப்பது என்ன? பரீட்சை எழுதும் மகன் படுத்திருப்பான். பரீட்சை எழுதும் மகள் கஞ்சி கிண்டிக் கொண்டு, வடைக்கு ஆட்டிக் கொண்டிருப்பாள். மகனுக்கு ஒரு தாளில் அரியர் விழுந்தால் மீண்டும் பணம் கட்டுகிறோம். மகளுக்கு விழுந்தால், “போதும்மா படிச்சது” என்று மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கி விடுகிறோம். இது நியாயமா? இரண்டு மாதம் அடுப்படியிலிருந்து அவளை விடுவித்து, அவளுடைய பாடத்தையும் யாராவது கேட்கட்டும். வாப்பாவோ, நன்னாவோ, பள்ளிக்கூடம் போகும் தங்கையோ கேட்டால் போதும். உரக்கச் சொல்லிப் பழகிய பெண், வாய்மொழித் தேர்வில் பேராசிரியர்கள் முன்னால் தெரிந்ததையும் விழுங்கிக் கொண்டு நிற்க மாட்டாள்.

அன்று சபை கலைந்த பின், தம் மனத்தில் விடை பட்டதை இப்னு உமர் (ரலி) அவர்கள் தந்தையிடம் தெரிவித்தார்கள். உமர் (ரலி) அவர்களோ, மகன் அங்கேயே அதைச் சொல்லியிருந்தால், இன்ன இன்ன செல்வமெல்லாம் தமக்குக் கிடைப்பதை விட அது பிரியமாயிருந்திருக்கும் என்று கூறினார்கள்.