ஏரி மீன்கள் ஏன் குள்ளமாயின?

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒரு ஹெக்டேர் பரப்புள்ள சிறிய ஏரி ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கோடை விடுமுறை. தூண்டில் முள்ளில் மண்புழுவைக் கோத்துக் கரையோரம் வீசுகிறீர்கள். சிறிது நேரத்தில் தக்கை அமிழ்கிறது. சுண்டி இழுத்தால் ஒரு மீன்! ஆனால் அது உங்கள் உள்ளங்கை நீளம்தான் இருக்கிறது. அடுத்ததும் அப்படியே. ஐம்பது மீன் பிடித்தாலும் ஒன்றுகூடப் பெரிதாக இல்லை.

இந்த மீனின் பெயர் புளூகில். தட்டையான உடல், செவுள் மூடியின் பின் ஓரத்தில் ஒரு கரும்புள்ளி. இதையும் இதன் உறவினமான கிராப்பி, பம்ப்கின்சீட் போன்ற மீன்களையும் அந்நாட்டவர் 'வாணலி மீன்கள்' என்று அழைக்கிறார்கள். வாணலியில் முழுதாகப் போட்டுப் பொரிக்கலாம் அல்லவா? அதனால்தான் அந்தப் பெயர். வசதியான ஏரியில் புளூகில் 20 சென்டிமீட்டருக்கு மேலும் வளரும். நம் ஏரியில் மட்டும் ஏன் 10 சென்டிமீட்டரோடு நின்றுவிட்டது?

குஞ்சா, கிழமா?

"இவை குஞ்சுகளாக இருக்கும், விட்டுவிட்டால் வளர்ந்துவிடும்" என்று நீங்கள் நினைக்கலாம். இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. மீனின் செதில் ஒன்றை உருப்பெருக்கியில் வைத்துப் பாருங்கள். வட்ட வட்டமாகக் கோடுகள் தெரியும். கோடையில் உணவு மிகுதி. கோடுகள் விலகி அமைகின்றன. குளிர்காலத்தில் வளர்ச்சி மிகவும் குறைந்துவிடும். கோடுகள் நெருங்கி அமைகின்றன. நெருங்கிய பட்டைகளை எண்ணினால், மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணுவது போல, மீனின் வயது தெரிந்துவிடும்.

அப்படி எண்ணும்போதுதான் உண்மை வெளிப்படுகிறது. இந்தச் சின்ன மீன்களில் பல குஞ்சுகள் அல்ல. பல ஆண்டுகள் வாழ்ந்த மீன்கள். வயது ஏறியது, உடல் ஏறவில்லை.

ஏரியின் சாப்பாட்டுக் கணக்கு

அலபாமா மாநிலத்தின் ஆபர்ன் நகரில் ஹோமர் ஸ்விங்கிள் என்ற அறிஞர் 1930-களில் தொடங்கிப் பல ஆண்டுகள் குளங்களில் ஆய்வு நடத்தினார். ஒரே மாதிரியான குளங்களில் புளூகில் குஞ்சுகளை வெவ்வேறு எண்ணிக்கையில் விட்டுப் பார்த்தார். கடைசியில் நிறுத்தபோது குளங்களின் மொத்த மீன் எடை ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. குறைவாக விட்ட குளத்தில் பெரிய மீன்கள். மிகுதியாக விட்ட குளத்தில் சிறிய மீன்கள்.

காரணம் எளிது. சூரிய ஒளியும் நீரில் கரைந்த உப்புகளும் பாசியை வளர்க்கின்றன. பாசியை நுண்ணிய நீர்வாழ் உயிரிகளும் பூச்சிகளின் புழுக்களும் தின்கின்றன. அவற்றைப் புளூகில் தின்கிறது. ஆக, ஒரு ஏரி எத்தனை கிலோ மீனுக்குச் சோறு போடும் என்பதற்கு ஓர் எல்லை உண்டு.

நம் ஏரி 150 கிலோகிராம் புளூகிலைத் தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். 1,000 மீன்கள் இருந்தால் சராசரி எடை 150 கிராம். 10,000 மீன்கள் இருந்தால் 15 கிராம்தான்!

காவலர் இல்லாத ஏரி

புளூகில் ஒரு பருவத்தில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைப்பது யார்? பெருவாய் பாஸ் என்னும் கொன்றுதின்னி மீன். அது தன் நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குள்ள புளூகிலைக்கூட விழுங்கிவிடும். ஆனால் தூண்டில்காரர்களுக்கு பாஸ் மீது தனி ஆசை. அதைப் பிடித்துத் தீர்த்துவிட்டால் புளூகில் பெருகுகிறது, பெருகியதால் குள்ளமாகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. ஆண் புளூகில் ஆழமற்ற இடத்தில் வாலால் மணலை விலக்கிக் குழி அமைத்து, முட்டைகளைக் காவல் காக்கும். கனடாவின் ஓப்பினிகன் ஏரியில் நடந்த ஆய்வுகளை மார்ட் கிராஸ், எரிக் சார்னோவ் இருவரும் 1980-இல் வெளியிட்டார்கள். கூடு காக்கும் ஆண் மீன் அங்கே சுமார் 7 வயதில்தான் முதிர்ச்சி அடைகிறது. அதுவரை உண்டதெல்லாம் உடல் வளர்ச்சிக்கே போகிறது. பெரிய ஆண்கள் ஏரியில் இருக்கும்வரை இளைய ஆண்கள் இனப்பெருக்கத்தைத் தள்ளிப்போட்டு வளர்கின்றன என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின. பெரியவற்றை எல்லாம் பிடித்துவிட்டாலோ, இளையவை முன்கூட்டியே முதிர்ந்துவிடுகின்றன. அதன்பின் வளர்ச்சி மந்தமாகிறது.

"சின்னதை விட்டுவிடு, பெரியதை எடு" என்பது இரக்கமுள்ள விதியாகத் தோன்றுகிறது. ஆனால் இத்தகைய ஏரியில் அது நேர்மாறான விளைவையே தருகிறது. சிறியவற்றில் பலவற்றை எடுத்து, பாஸையும் பெரிய ஆண் மீன்களையும் விட்டுவைப்பதே பொருத்தமான வழி. மின்னசோட்டா மாநிலம் இதை உணர்ந்து, அண்மை ஆண்டுகளில் பல ஏரிகளில் ஒருவர் ஒரு நாளில் 5 அல்லது 10 வாணலி மீன்களுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்று விதி செய்திருக்கிறது.

நம் ஊர்க் குளத்தில்

இந்தக் கணக்கு நமக்கும் புதிதல்ல. 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மொசாம்பிக் திலேப்பியாவை நாம் ஜிலேபிக் கெண்டை என்கிறோம். தாய்மீன் முட்டைகளை வாய்க்குள் வைத்தே காப்பதால் குஞ்சுகள் பெரும்பாலும் பிழைத்துவிடும். சில மாதங்களில் அவையும் முட்டையிடத் தொடங்கும். விளைவு? குளம் நிறைய விரல் நீள மீன்கள்! அங்கே பாஸின் வேலையைச் செய்யக்கூடியது நம் விரால்.

செய்து பாருங்கள்

1. மீன் கடையில் சில பெரிய செதில்களைக் கேட்டு வாங்குங்கள். கழுவி, இரு கண்ணாடிச் சில்லுகளுக்கு இடையே வைத்து உருப்பெருக்கியில் பாருங்கள். நம் வெப்ப நாட்டில் ஆண்டு வளையங்கள் தெளிவாக அமையாமல் போகலாம். ஏன் என்று சிந்தியுங்கள்.

2. ஒரு குளம் 200 கிலோகிராம் மீனைத் தாங்கும். அதில் 4,000 மீன்கள் உள்ளன. சராசரி எடை 250 கிராம் ஆக வேண்டுமானால் எத்தனை மீன்கள் இருக்க வேண்டும்? மிகுதியை நீங்கள் எடுப்பீர்களா, விராலிடம் விடுவீர்களா?