சுகமான பின்னும் காக்கவேண்டிய இருதயம்

வாசிக்கவேண்டிய வேதபகுதிகள்: 2 இராஜாக்கள் 20:1–19, 2 நாளாகமம் 32:24–31, ஏசாயா 38:1–20



மருத்துவமனைப் படுக்கையில் இருக்கும் விசுவாசிகள் பலருடைய உள்ளத்தை ஒரு கேள்வி வருத்துகிறது. “ஆலயத்திற்குப் போக முடியவில்லை, வேதத்தை வாசிக்கக் கண் ஒத்துழைக்கவில்லை, ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் ஜெபிக்கவும் பெலனில்லை. இந்த நிலையில் நான் தேவனுக்குப் பிரியமாய் இருப்பது எப்படி?” ஈசாயின் வீட்டில் சாமுவேல் கற்றுக்கொண்ட பாடமே இதற்கு விடை. மனிதர் வெளித்தோற்றத்தைக் காண்கிறார்கள். கர்த்தரோ இருதயத்தைப் பார்க்கிறார் (1 சாமுவேல் 16:7). ஆகையால், படுக்கையில் கிடப்பவரும் தேவனுக்குப் பிரியமானவராய் இருக்கலாம். அதற்கு அவருடைய பெலவீனம் தடையல்ல.

ஆயினும் இருதயம் எல்லா நாளும் ஒரே நிலையில் இருப்பதில்லை. நோயில் உருகிய இருதயம் சுகமான பின்பு இறுகிப்போவதுண்டு. யூதாவின் ராஜாவாகிய எசேக்கியாவின் வாழ்க்கை இதைத் தெளிவாய்க் காட்டுகிறது.

1. சுவரின் பக்கமாய்த் திரும்பிய இருதயம்

எசேக்கியா 25 வயதில் அரசனாகி, 29 ஆண்டுகள் ஆண்டான். நோயுற்ற பின் அவனுக்கு 15 ஆண்டுகள் கூட்டிக் கொடுக்கப்பட்டன. ஆகவே, மரணத்துக்கேதுவான வியாதி வந்தபோது அவனுக்கு 40 வயதுகூட நிறைந்திருக்கவில்லை என்று கணக்கிடலாம். ஏசாயா தீர்க்கதரிசி வந்து, அவன் பிழைக்கப்போவதில்லை என்று சொன்னார். அசீரியரின் அச்சுறுத்தல் நிறைந்த காலம் அது.

அந்தச் செய்தியைக் கேட்ட ராஜா தன் முகத்தைச் சுவரின் பக்கமாய்த் திருப்பிக்கொண்டான். தான் உண்மையாய் நடந்துவந்ததை நினைத்தருளும்படி கர்த்தரிடம் சொல்லி, மிகவும் அழுதான். அந்த ஜெபத்தில் “என்னைச் சுகமாக்கும்” என்ற வார்த்தைகூட இல்லை. சொல்ல முடியாததைக் கண்ணீர் சொல்லிற்று. ஏசாயா அரண்மனை முற்றத்தைக் கடந்துபோகுமுன்னே மறுமொழி வந்தது. தாம் அவனுடைய விண்ணப்பத்தைக் கேட்டதாகவும், கண்ணீரைக் கண்டதாகவும் கர்த்தர் சொல்லியனுப்பினார்.

தேவனுக்குப் பிரியமான இருதயத்தின் முதல் இலக்கணம் உண்மை. பயந்திருக்கும்போது பயமில்லாதவரைப்போல் ஜெபிக்கவேண்டிய அவசியமில்லை. உடனிருக்கும் அன்பர்களே, நோயாளி அழும்போது, “அழலாமா? விசுவாசம் எங்கே?” என்று கடிந்துகொள்ளாதிருங்கள். கர்த்தர் கண்ட கண்ணீரை நாம் தடைசெய்ய வேண்டாம். வராந்தாவில் பாய் விரித்துப் படுத்து, உறக்கமிழந்து, சில வேளைகளில் எரிச்சலும் அடைகிற உங்கள் இருதயத்தையும் அவர் அறிவார். அந்தச் சோர்வையும் மறைக்காமல் அவரிடம் சொல்லுங்கள்.

2. மருந்தையும் நன்றியோடு ஏற்ற இருதயம்

சுகம் அளிப்பதாகக் கர்த்தர் வாக்குக் கொடுத்த பின்பும், அத்திப்பழத்து அடையைக் கொண்டுவரும்படி ஏசாயா சொன்னார். அதைப் பிளவையின்மேல் பற்றுப்போட்டார்கள், ராஜா பிழைத்தான். வாக்குக் கொடுத்த கர்த்தர் மருந்தையும் விலக்கவில்லை. மாத்திரையை வேளை தவறாமல் உட்கொள்வதும், மருத்துவர் சொல்லும் பத்தியத்தைக் காப்பதும் விசுவாசக் குறைவு ஆகாது. நம்மைத் தாங்குவதற்குத் தேவன் அனுப்பும் கைகளை மதிக்கும் மனத்தாழ்மை அது.

3. சோதிக்கப்பட்ட இருதயம்

எசேக்கியா எழுந்து நடமாடினான். தன் நோயின் நாட்களை நினைத்து அவன் எழுதிய பாடல் ஏசாயா 38-ஆம் அதிகாரத்தில் உள்ளது. இனிமேல் வாழ்நாளெல்லாம் தாழ்மையாய் நடப்பதாக அதில் சொல்லுகிறான். ஆனால் அடுத்து நடந்தது என்ன?

பாபிலோனிலிருந்து ஸ்தானாபதிகள் நிருபங்களோடும் வெகுமானத்தோடும் நலம் விசாரிக்க வந்தார்கள். தேசத்தில் நடந்த அற்புதத்தைக் குறித்துக் கேட்கவே அவர்கள் அனுப்பப்பட்டார்கள் என்று நாளாகமம் கூறுகிறது. கர்த்தர் செய்ததைப் புறஜாதியாருக்குச் சொல்ல இதைவிட நல்ல வேளை ஏது? ஆனால் எசேக்கியா அவர்களுக்குக் காட்டியவை வெள்ளியும் பொன்னும், வாசனைத் திரவியங்களும், ஆயுதசாலையுமே. தனக்குச் செய்யப்பட்ட உபகாரத்திற்குத்தக்கதாய் அவன் நடவாமல் மனமேட்டிமையானான் என்றும், அவனுடைய இருதயத்தில் உள்ளது வெளிப்படும்படி தேவன் அவனைச் சோதித்தார் என்றும் வேதம் சொல்லுகிறது.

இதே எசேக்கியா எருசலேமின் நீரூற்றைக் காக்க எவ்வளவு கவனமாயிருந்தான் என்பதை எண்ணிப்பாருங்கள். எதிரிக்குத் தண்ணீர் கிடைக்காதபடி நகரத்துக்கு வெளியே இருந்த ஊற்றுகளைத் தூர்த்து, கீகோனின் தண்ணீரை நகரத்துக்குள் திருப்பினான். எசேக்கியாவின் சுரங்கம் என்று அழைக்கப்படும் கால்வாய் எருசலேமில் இன்றும் உள்ளது. பாறையைக் குடைந்து வெட்டப்பட்ட அதன் நீளம் சுமார் 533 மீட்டர். இரு முனைகளிலிருந்தும் வெட்டிக்கொண்டு வந்தவர்கள் நடுவில் சந்தித்ததைச் சொல்லும் கல்வெட்டு 1880-இல் அங்கே கண்டெடுக்கப்பட்டது. நகரத்தின் ஊற்றுக்கு இவ்வளவு காவல்! ஆனால் ஜீவ ஊற்று புறப்படும் இடம் இருதயம் என்றும், எல்லாவற்றையும்விட அதையே காக்கவேண்டும் என்றும் நீதிமொழிகள் 4:23 போதிக்கிறது. அந்த ஊற்றுக்குச் சில நாட்கள் காவலில்லாமற்போயிற்று.

வீடு திரும்பும் நமக்கும் நலம் விசாரிக்க உறவினரும் அயலாரும் வருவார்கள். எவ்வளவு செலவாயிற்று, எவ்வளவு பெரிய மருத்துவர் பார்த்தார், நாம் எவ்வளவு பொறுத்துக்கொண்டோம் என்றே பேசி அவர்களை அனுப்பிவிடுவது எளிது. அறுவை அறைக்குள் போகுமுன் நாம் முறையிட்டது யாரிடம் என்பதையும் அவர்களுக்குச் சொல்லுவோம். இரத்தம் கொடுத்த முன்பின் அறியாதவரையும், இரவில் எழுந்து வந்த செவிலியரையும், கட்டிலருகே காத்திருந்த உறவினரையும் நினைவுகூருவோம். நன்றியை மறவாத நெஞ்சில் பெருமைக்கு இடம் குறைவு.

4. மறுபடியும் தாழ்ந்த இருதயம்

எசேக்கியாவின் வரலாறு மேட்டிமையோடு முடியவில்லை. ஏசாயா வந்து கேட்டபோது, அந்நியருக்குக் காட்டாதது ஒன்றுமில்லை என்று அவன் ஒளிக்காமல் சொன்னான். பின்பு அவனும் எருசலேமின் குடிகளும் தங்களைத் தாழ்த்தினார்கள் (2 நாளாகமம் 32:26). ஒருகாலும் தவறாத இருதயம் நம்மில் எவருக்கும் இல்லை. தவறு உணர்த்தப்படும்போது திரும்பிவருகிற இருதயத்தைத் தேவன் தள்ளிவிடுவதில்லை. போன முறை நோயில் செய்த பொருத்தனையை மறந்துவிட்டோமே என்று வருந்துகிறவர்களும் இன்று அவரிடம் திரும்பலாம்.

சுகம் தாமதிக்கும்போது

“எனக்கு 15 ஆண்டுகள் கூட்டப்படவில்லையே” என்று சொல்லுகிறவர்களும் இதை வாசிப்பீர்கள். உங்கள் இருதயம் குறைவுள்ளது என்பது அதற்குப் பொருளல்ல. பவுல் மூன்று தரம் வேண்டியும் அவருடைய மாம்சத்தின் முள் நீக்கப்படவில்லை. அதைத் தாங்கும் கிருபையே அளிக்கப்பட்டது (2 கொரிந்தியர் 12:7–9). அவருடைய உடன் ஊழியனாகிய துரோப்பீமு மிலேத்துவில் வியாதிப்பட்டவனாகவே விடப்பட்டான் (2 தீமோத்தேயு 4:20). இந்தச் சரீரத்தில் குடியிருந்தாலும், இதைவிட்டுப் போனாலும், கர்த்தருக்குப் பிரியமாயிருப்பதையே நாடுவதாகப் பவுல் எழுதுகிறார் (2 கொரிந்தியர் 5:9). எசேக்கியாவின் 15 ஆண்டுகளும் ஒருநாள் முடிந்தன. தேவனுக்குப் பிரியமாயிருக்கும் நோக்கமோ எந்த மருத்துவ அறிக்கையாலும் முடிந்துபோவதில்லை.

சிந்திக்க

1. இன்று தேவனிடம் சொல்லாமல் நான் மறைத்துவைத்திருக்கும் பயம் எது?
2. என் பராமரிப்பில் பங்குகொண்டவர்களில் நான் இன்னும் நன்றி சொல்லாதவர் யார்?
3. வீடு திரும்பியபின் என்னை விசாரிக்க வருகிறவரிடம் முதலாவது எதைச் சொல்லப்போகிறேன்?

ஜெபம்

இருதயங்களை அறிந்திருக்கிற ஆண்டவரே, எங்கள் கண்ணீரை நீர் காண்கிறீர் என்பதற்காக உம்மை ஸ்தோத்திரிக்கிறோம். எங்களைப் பராமரிக்கிற கைகளை ஆசீர்வதியும். நீர் சுகம் தரும்போது உம்மை மறவாத நெஞ்சையும், சுகம் தாமதிக்கும்போது உம்மை விடாத நெஞ்சையும் எங்களுக்குத் தாரும். நாங்கள் தவறும்போது எங்களைத் தாழ்த்தி, உம்மிடமாய்த் திரும்பப்பண்ணும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டுகிறோம். ஆமென்.