வாட்சன் ஹோட்டலில் விழுந்த அறை

தென்னேரி

அன்புள்ள தம்பிக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டுவிட்டுப் போன கேள்வி இன்னும் மனத்தில் கிடந்து உறுத்துகிறது. “பம்பாய் வாட்சன் ஹோட்டலில் தொழிலதிபர் டாடாவை உள்ளே விடாததால்தான் அவர் தாஜ் ஹோட்டலைக் கட்டினாராமே, ஐயா?” உன்மேல் கோபமில்லை; மேடைதோறும் அந்தக் கதையை அவிழ்த்துவிடுகிறவர்கள்மேல்தான் எரிச்சல். அப்படி நடந்ததற்கு அக்காலத்துச் சான்று எதுவும் கிடைத்ததில்லை. 1896இல் வந்த பிளேக்கால் பம்பாய் நொந்துபோயிருந்தது. ஊரின் பேரை நிமிர்த்த நல்ல ஹோட்டல் வேண்டும் என்பதே போதுமான காரணம். 1903இல் தாஜ் திறந்தது.

அந்த ஹோட்டலைக் கட்டிய வாட்சன் ஒரு ஜவுளி வியாபாரி. நெசவுத் தெருப் பிள்ளை நீ, மறக்க மாட்டாய். 1860களில் இரும்புத் தூண்களையும் உத்தரங்களையும் இங்கிலாந்தில் செய்து, கப்பலேற்றிக் கொண்டுவந்து பூட்டினார்கள். வடிவமைத்தவர் ரோலண்ட் மேசன் ஆர்டிஷ். 1896 ஜூலை 7இல் லூமியேர் சகோதரர்களின் சினிமாப் படங்கள் இந்தியாவில் முதன்முதலாக ஓடியதும் அங்கேதான். இதெல்லாம் வினாடி வினாப் புத்தகத்திலேயே இருக்கும்.

நீ படிக்க வேண்டியது அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைனை. அதே ஆண்டு ஜனவரியில் அங்கே தங்கினார். அவர் அறையில் பால்கனிக் கதவு ஒன்றைக் கவனிக்க வேண்டியிருந்தது. இந்தியப் பணியாள் ஒருவன் மண்டியிட்டு வேலையில் இறங்கினான். உடனிருந்த ஜெர்மானியருக்கு அவன் செய்தது பிடிக்கவில்லை. தாடையில் ஓர் அறை விட்டார். அதற்குப் பிறகுதான் என்ன குறை என்று சொன்னார். அடி வாங்கியவன் வாய் திறக்கவில்லை. முகத்தில் கோபமும் இல்லை. ட்வைனுக்கு ஐம்பது வருஷத்துக்கு முந்தைய மிசௌரி நினைவுக்கு வந்துவிட்டது. அடிமைகளுக்கு அங்கே இப்படித்தான் வேலை சொல்வார்கள். நல்ல மனிதரான தம் தகப்பனாரே அடிமைச் சிறுவனை அற்பத் தவறுகளுக்கு அடித்ததை மறைக்காமல் எழுதுகிறார்.

என்னைக் கேட்டால், அந்த ஹோட்டலின் வரலாற்றை இந்தப் பணியாளிடமிருந்துதான் தொடங்க வேண்டும். பெருஞ்செல்வருக்கு நேர்ந்ததாகச் சொல்லும் அவமானத்தை ஊரெல்லாம் பேசுகிறோம். பெயர் தெரியாத ஒருவன் வாங்கிய அறை அச்சிலேயே இருக்கிறது. புரட்டிப் பார்க்க ஆளில்லை. படிக்காமலே பேசுவது நமக்குப் பழகிவிட்டது, தம்பி!

ஹோட்டல் மூடி வெகுகாலமாயிற்று. எஸ்பிளனேடு மேன்ஷன் என்று பெயர் மாறி, தடுத்துத் தடுத்து வாடகைக்கு விட்டார்கள். 2005இல் ஒரு பகுதி இடிந்து ஓர் உயிர் போயிற்று. 2019இல் குடியிருந்தவர்களை வெளியேற்றினார்கள். இடித்துவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது. இடிக்கக் கூடாது. அந்தப் பணியாளின் தாடையில் அறை விழுந்த இடம் நம் பிள்ளைகள் பார்க்க இருக்க வேண்டும்.

ட்வைனின் ‘ஃபாலோயிங் தி ஈக்வேட்டர்’ என் அலமாரியில் இருக்கிறது. வந்து வாங்கிக்கொண்டு போ. பம்பாய் அத்தியாயத்தை முழுதும் படித்த பிறகு அடுத்த கேள்வியைக் கேள்.

அன்புடன்,
உன் ஆசிரியர்