ஒற்றைச்சக்கர மின்வண்டி: ஓட்டுவோர் விரும்புவது என்ன?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்) மாணவி

சர்க்கஸ் கூடாரத்தில் ஒற்றைச்சக்கர சைக்கிளை மிதித்துக்கொண்டே பந்துகளை வீசிப் பிடிக்கும் கலைஞரைக் கண்டு நம்மில் பலர் வியந்திருப்போம். அந்தச் சைக்கிளின் இருக்கையை எடுத்துவிட்டுச் சக்கரத்தின் நடுவிலேயே ஒரு மின் மோட்டாரைப் பொருத்தி, இருபுறமும் பாதம் வைக்க இரண்டு பலகைகளை அமைத்தால் கிடைப்பதே ஒற்றைச்சக்கர மின்வண்டி. இதற்குக் கைப்பிடி இல்லை, பிரேக் கம்பி இல்லை, ஆக்சிலரேட்டரும் இல்லை. உடலை முன்னே சாய்த்தால் வேகம் கூடும். பின்னே சாய்த்தால் குறையும். அமெரிக்காவில் ஷேன் சென் என்பவர் உருவாக்கிய ‘சோலோவீல்’ 2011-ஆம் ஆண்டளவில் விற்பனைக்கு வந்த பிறகே இவ்வகை வண்டி உலகில் பரவியது. இன்று கிங்சாங், இன்மோஷன், பெகோடி முதலான சீன நிறுவனங்களே இதனைப் பெரிதும் செய்கின்றன.

இவ்வண்டியை ஓட்டிப் பழகியவர்கள் தங்களுக்கு வேண்டியவற்றைச் சொல்லும்போது அப்பட்டியல் நீளமாகத்தான் இருக்கிறது. அதிக தூரம் போக வேண்டும், எடை குறைய வேண்டும், நல்ல விளக்கு வேண்டும், மழையில் கெடக்கூடாது, இறங்கியபின் சாயாமல் நிற்கத் தாங்கி வேண்டும், இழுத்துச் செல்லப் பிடி வேண்டும் என்பன அதில் அடங்கும். இவையெல்லாம் எந்த வண்டிக்கும் பொருந்தும் விருப்பங்களே. இந்த வண்டிக்கே உரிய விருப்பம் ஒன்று உண்டு. அதனைப் புரிந்துகொள்ள, வண்டி எப்படி நிற்கிறது என்பதை முதலில் பார்ப்போம்.

விளக்குமாற்றைத் தலைகீழாக உள்ளங்கையில் நிறுத்தி விளையாடாதவர் உண்டோ? அது முன்னே சாய்ந்தால் கையை முன்னே நகர்த்துகிறோம். இதனைத் தலைகீழ் ஊசல் என்பர். இங்கே விளக்குமாறு மனிதர்; உள்ளங்கை சக்கரம். உள்ளே இருக்கும் கைரோஸ்கோப்பே வண்டியை விழாமல் பிடித்து நிறுத்துகிறது என்று சிலர் எண்ணுகின்றனர், அது சரியன்று. அது நகத்தளவுச் சில்லு. எவ்வளவு சாய்ந்திருக்கிறோம் என்று அறிவிப்பதே அதன் வேலை. விழாமல் காப்பது மோட்டாரின் திருப்பு விசை ஒன்றே. அதுவும் முன்பின்னாக மட்டுந்தான். இடவல நிலைப்பாட்டைச் சைக்கிளில் போலவே ஓட்டுபவர்தாம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே ஒரு பெரிய வேறுபாடு பிறக்கிறது. மோட்டார் ஓய்ந்தால் ஸ்கூட்டர் சிறிது தூரம் உருண்டு நிற்கும். ஒற்றைச்சக்கர வண்டியோ ஓட்டுபவரை அந்தக் கணமே முன்னால் தள்ளிவிடும். இதனால்தான் அனுபவம் மிக்கவர்கள், “இந்த வண்டி எவ்வளவு வேகம் போகும்?” என்று கேட்பதில்லை. “அந்த வேகத்தில் மோட்டாரிடம் இன்னும் எவ்வளவு மீதி இருக்கும்?” என்றே கேட்கிறார்கள்.

மீதி என்பது என்ன? நம் பாடத்திலேயே விடை இருக்கிறது. சுழலும் மோட்டாரில் வேகத்திற்கேற்ப எதிர் மின்னியக்கு விசை தோன்றுகிறது. பாட்டரியின் மின்னழுத்தத்திலிருந்து இதனைக் கழித்தால் எஞ்சுவதே கம்பிச்சுருளில் மின்னோட்டத்தைச் செலுத்தும். அந்த மின்னோட்டமே திருப்பு விசையாகும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பாட்டரியில் 20 லித்தியம் கலங்கள் தொடரிணைப்பில் உள்ளன என்க. முழுதும் மின்னேற்றியபோது கலம் ஒன்றுக்கு 4.2 வோல்ட், மொத்தம் 84 வோல்ட். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் எதிர் மின்னியக்கு விசை 56 வோல்ட் என்று கொள்வோம். மீதி 28 வோல்ட். சிறிது தூரம் ஓடிக் கலம் ஒன்று 3.3 வோல்ட்டுக்கு இறங்கிவிட்டால் மொத்தம் 66 வோல்ட். அதே 40 கிலோமீட்டர் வேகத்தில் மீதி 10 வோல்ட்தான்! இந்நிலையில் ஒரு மேடு வருகிறது. மோட்டார் கூடுதல் மின்னோட்டம் கேட்கிறது. பாட்டரியின் அகத்தடை 0.1 ஓம், எடுக்கும் மின்னோட்டம் 40 ஆம்பியர் என்றால் உள்ளேயே 4 வோல்ட் இழப்பாகிறது. மிஞ்சுவது 6 வோல்ட். காலையில் பத்திரமாக இருந்த அதே வேகம், அதே சாலை, மாலையில் பத்திரமாக இல்லாமற் போவதன் காரணம் இதுவே. வண்டி பழுதாகவில்லை, கழித்தல் கணக்கில் மீதி குறைந்துவிட்டது.

பிரான்சு நாட்டில் 2019-இல் வந்த விதிப்படி இத்தகைய வண்டிகள் மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் செல்லக்கூடாது. அப்படியிருக்க 100 வோல்ட்டும் அதற்கு மேலும் கொண்ட பாட்டரிகளை ஏன் விரும்புகின்றனர் என்று வினவலாம். வேக மோகம் கொண்டோர் இருக்கத்தான் செய்கின்றனர். அவர்களுக்காக நான் வாதாடவில்லை. ஆனால் 100 வோல்ட் வண்டியில் 25 கிலோமீட்டரில் செல்பவரிடம் மீதி ஏராளமாக இருக்கிறது. இதனை வேகத்துக்கான ஆசை என்பதைவிட விழாமலிருப்பதற்கான ஆசை என்பதே பொருந்தும். ஜெர்மனியின் 2019-ஆம் ஆண்டுச் சட்டமோ பிடித்துக்கொள்ளவோ திருப்பவோ ஒரு கம்பி இருந்தாக வேண்டும் என்கிறது. கம்பியே இல்லாத இந்த வண்டிக்கு அங்கே சாலையில் இடமில்லை. மீதி வோல்ட்டைப் பற்றிக் கேட்காமல் கம்பியைப் பற்றிக் கேட்கும் சட்டம் எனக்கு விந்தையாகவே படுகிறது.

அடுத்த விருப்பம், வண்டி உண்மையைச் சொல்ல வேண்டும் என்பது. எல்லை நெருங்கும்போது வண்டி ஒலி எழுப்பும். அல்லது பாதப்பலகையின் முன்பகுதியை உயர்த்தி ஓட்டுபவரைப் பின்னே சாயச் செய்யும். பழைய முறையில் இது குறிப்பிட்ட வேகத்தில் நிகழும். மேலே கண்ட கணக்குப்படி அது போதாது. எல்லை என்பது காலைக்கும் மாலைக்கும் மாறுகிறதே! மோட்டார் தன் திறனில் நூற்றுக்கு எத்தனை பங்கைச் செலவிடுகிறது என்பதை அளந்து, 80 பங்கு ஆனதும் எச்சரிக்கும் ஏற்பாடு புதிய வண்டிகளில் உண்டு. இதனையே ஓட்டுவோர் பெரிதும் பாராட்டுகின்றனர். எச்சரிக்கை எத்தகைய உயிர்ப்பிரச்சினை என்பதற்கு இதன் உறவு வண்டியான ‘ஒன்வீல்’ சான்று. பலகையின் நடுவே ஒரு சக்கரம் கொண்ட அதனை 2019-க்கும் 2021-க்கும் இடையே ஓட்டிய நால்வர் இறந்தது அறிவிக்கப்பட்டு, 2023 செப்டம்பரில் அமெரிக்காவில் சுமார் 3,00,000 வண்டிகளுக்குத் திரும்பப்பெறும் அறிவிப்பு வெளியாயிற்று. புதிய மாடல்களுக்குச் செய்த திருத்தம், எல்லையை நெருங்கும்போது காலடியில் அதிர்வும் ஓசையும் தருவதே.

பிரேக்கிலும் ஒரு நுட்பம் உண்டு. வேகம் குறையும்போது மோட்டார் ஜெனரேட்டராகிப் பாட்டரிக்கு மின்னேற்றுகிறது. வீடு மலைமேல் இருந்து, முழுதும் ஏற்றிய பாட்டரியோடு இறங்கினால், அந்த மின்சாரம் போக இடமில்லை; மின்னழுத்தம் அளவுமீறுகிறது. ஆதலால் மலைவாழ் ஓட்டுநர்கள் 90 பங்கோடு மின்னேற்றத்தை நிறுத்திக்கொள்கின்றனர். தானே நிறுத்திக்கொள்ளும் சார்ஜர் வேண்டும் என்பது அவர்களது நியாயமான கோரிக்கை.

எடையும் தூரமும் ஒன்றோடொன்று சண்டையிடுபவை. 3.6 வோல்ட், 3.5 ஆம்பியர்-மணி கொண்ட ஒரு கலம் 12.6 வாட்-மணி தரும். எடை ஏறத்தாழ 48 கிராம். இத்தகைய 140 கலங்கள் சுமார் 1,760 வாட்-மணி. கலங்கள் மட்டுமே 6.7 கிலோ. கிலோமீட்டருக்கு 20 வாட்-மணி வீதம் நிதானமாக ஓட்டினால் 88 கிலோமீட்டர் போகலாம். ஆனால் அதைத் தாங்கும் மோட்டார், சட்டம், டயர் என்று சேர்ந்து பெரிய வண்டிகள் 40 கிலோவை எட்டிவிடுகின்றன. மாடிப்படி ஏறுபவர் என் செய்வார்? இதற்கு ஒரே விடை கிடையாது. எத்தனை கலங்களாயினும் ஒவ்வொரு தொகுதியின் மின்னழுத்தத்தையும் தனித்தனியே கண்காணிக்க வேண்டும் என்பதில் மட்டும் எல்லோரும் ஒருமித்திருக்கின்றனர். மொத்தம் சரியாகத் தெரியும்போதே ஒரு தொகுதி கெட்டிருக்கக்கூடும்; தீ அங்கிருந்துதான் தொடங்கும்.

2020-இல் இன்மோஷன் வி11, கிங்சாங் எஸ்18 ஆகியவற்றோடு சஸ்பென்ஷன் வந்தது. குழியில் இறங்கும்போது பாதம் பலகையைவிட்டு எழாமலிருக்க அது உதவுகிறது.

இனி டயர். என் தந்தையார் சைக்கிள் கடை வைத்திருப்பவர். இவ்வண்டியின் படத்தைக் காட்டி மோட்டார், பாட்டரி எல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டவர், “பஞ்சர் ஆனா எப்படிம்மா கழட்டுறது?” என்றார். ஓட்டுவோர் நொந்துகொள்வதும் அதைத்தான். வெளிக்கூட்டைப் பிரித்து, இரு பலகைகளையும் கழற்றி, அச்சின் துளை வழியே வரும் மோட்டார் கம்பிகளின் இணைப்பைத் துண்டித்த பிறகே சக்கரம் வெளியே வரும். பழைய ஸ்கூட்டர்களின் ரிம், போல்ட்டுகளைக் கழற்றினால் இரு பாதியாகப் பிரியும். டியூபை எடுப்பது எளிது. மோட்டாரே ரிம்முக்குள் இருக்கும்போது அப்படிப் பிரிப்பது இயலுமா என்று கேட்டேன். ரிம்மின் ஒரு விளிம்பை மட்டும் தனி வளையமாக்கி போல்ட்டில் பூட்டினால் போதும், லாரிச் சக்கரத்தில் அப்படித்தான் ஒரு வளையம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, காத்திருந்த சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போனார்.